கிராணி வீட்டுத் தகடு

எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசில் டெலிபோன் பலகை என் பொறுப்பு. யார் போனின் கைப்பிடியைச் சுற்றினாலும் அந்த இடத்துக்கான சின்னத் தகடு பலகையில் டக்கென்று விழும். ஒயரைச் செருகி, கேட்ட இடத்துக்கு இணைப்பேன். பேசுகிறவரே தன் பெயரைச் சொல்லிக்கொள்வார். எழுபத்தாறாம் வருஷம் வரைக்கும் அதுதான் வழக்கம்.

மேல் டிவிஷன் கங்காணி இருளப்பன், கொழுந்து நிறுக்கும்போது ஆபீஸ் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி எடையைக் குறைக்கிறார் என்று ஆள்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார். அந்த வாரமே ஒரு சாயங்காலம் கிராணி வீட்டுத் தகடு விழுந்தது. "துரை பங்களாவுக்குக் குடு" என்றது குரல். கொடுத்தேன். மறுநாள்தான் தெரிந்தது, "நான் இருளப்பன்" என்று சொல்லி மலாய் மொழியில் மானேஜர் துரையின் தாயை இழுத்து ஏசியிருக்கிறது அந்தக் குரல். தோட்டத் தமிழ் பேசக் கற்றும் துரைக்குத் தமிழன் குரல் எல்லாம் ஒன்றுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இருளப்பனுக்கு வேலையும் போனது, தோட்டம் கொடுத்த லைன் வீடும் போனது.

நேரே துரையிடம் போனேன்.

"துரை, அன்னிக்கு விழுந்தது கிராணி வீட்டுத் தகடு. மேல் டிவிஷன் தகடு விழவே இல்ல."

பலகையை வந்து பார்த்தார். நம்பினார், அதுதான் கொடுமை.

"ரஞ்சிதம், இனிமே எந்தத் தகடுன்னு நீ முதல்ல எனக்குச் சொல்லு. பேரு அதோட ஒத்துப்போகலன்னா கட் பண்ணு. குரலை நம்பாத. தகடுதான் சாட்சி."

"அப்ப இருளப்பன்?"

"அது முடிஞ்சிபோச்சி லா. கிராணி இல்லாம ஆபீஸ் ஓடாது."

திருடனை விட்டுவிட்டு எனக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தார். கிராணி மறுநாளும் அதே நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

மழைக்காலத்தில் டவுன் லைன் தகடு விழுந்தது.

"தங்கச்சி, நான் இருளப்பன். தானா ராத்தா டவுன்ல அபூபக்கர் கடையிலேருந்து பேசறேன். கியா பார்ம்ல கோஸ் வெட்டுறேன், தங்க எடமில்ல. எம் பொஞ்சாதி அம்சவல்லி நெறமாசம். நான் ஏசலன்னு துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேம்மா."

துரையைக் கூப்பிட்டேன். "டவுன் லைன், துரை. பேரு இருளப்பன்."

"இருளப்பனுக்கு ஏது தகடு? கட் பண்ணு."

"அவர் குரல் எனக்குத் தெரியும், துரை."

"குரல் சாட்சியில்ல. தகட்டைக் காட்டினது நீதானே?"

ஒயரைப் பிடுங்கும்போது, "நான்தாம்மா, நெசமா நான்தான்" என்று கேட்டது.

ஒயரைக் கீழே வைப்பதற்குள் கிராணி வீட்டுத் தகடு விழுந்தது. "கிராணி பேசறேன், துரைக்குக் குடு" என்றார்.

தகடும் பெயரும் ஒத்துப்போயின. இணைத்தேன்.