ஸ்பானரைக் கொடுத்துவிட்டுப் போனவன்

எங்கள் லாரிப் பட்டறையில் இடம் முதலாளியுடையது, ஜாக்கி முதலாளியுடையது. ஸ்பானர் மட்டும் அவனவன் சொந்தம். ஒருத்தன் ஸ்பானரை இன்னொருத்தன் கேட்காமல் தொட்டால் அன்றைக்குச் சண்டை நிச்சயம். வேறு பட்டறைக்குப் போகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போவான். இதெல்லாம் தெரிந்த மேஸ்திரி நான்.

இஞ்சின் வேலை பார்க்கிறவனை ரேடியோ என்று கூப்பிடுவோம். வாய் ஓயாது அவனுக்கு. பெண்டாட்டி பிரிந்து போனாள், முதுகு வலி வந்தது, பேச்சு குறைந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போவான். “தூக்கமே வரலண்ணே. எல்லாருக்கும் பாரமா இருக்கேன்” என்று ஒருதரம் சொன்னான். லீவு கேட்க அடி போடுகிறான் என்று நினைத்தேன். யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான்.

ஒரு திங்கட்கிழமை சிரித்த முகமாக வந்தான். வெல்டரிடம் தன் சுத்தியலைக் கொடுத்தான். பிறகு என்னிடம் வந்து ஸ்பானர் பெட்டியையே கீழே வைத்தான்.

“வெச்சுக்குங்கண்ணே. உங்க கைக்குத்தான் சரியா இருக்கும்.”

எனக்கு மூக்கில் வேர்த்தது. எதிர்த்தெருப் பட்டறைக்காரன் ஆள் பிடிக்கிறான் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். முதலாளியிடம் நான் போட்டுக்கொடுக்காமல் இருக்க இது வாய்ப்பூட்டு என்று முடிவு கட்டினேன்.

“எங்கடா கிளம்பிட்ட?”

“எங்கயும் இல்லண்ணே.”

“எனக்கே காது குத்துறியா? போறவன் போ. நீ இருந்தாலும் இல்லாட்டியும் இங்க வண்டி ஓடும்.”

“ரேடியோ இல்லன்னா நிம்மதியா வேலை பாக்கலாம் மேஸ்திரி” என்று வெல்டர் சிரித்தான்.

ரேடியோவும் சிரித்தான். “சரியாத்தான் சொல்றீங்க” என்றான். கொஞ்ச நேரத்தில் தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது என் மனைவியிடம் பெருமையாக இதைச் சொன்னேன்.

“பெட்டியையே குடுத்துட்டாரா?” என்றாள்.

“மொத்தமா.”

“அப்போ புது இடத்துல எதை வெச்சு வேலை செய்வாரு? பல்லாலயா?”

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவள் கை கழுவிவிட்டு வந்தாள். “போய்க் கேளுங்க.”

“என்னன்னு?”

“சாகணும்னு தோணுதான்னு.”

“வாயக் கழுவு. நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

“எங்கக்கா அப்படித்தான் இருந்தா. எல்லாரும் இதையேதான் சொன்னீங்க. யாரும் கேக்கல” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

ரேடியோவின் அறை ஒரு கடைக்கு மேலே இருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். ஏறி வந்ததில் இரைத்தது. காலையில் நான் சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது; கதவைத் திறந்தான்.

உள்ளே கூட்டிப் பெருக்கி, துணியெல்லாம் மடித்து வைத்திருந்தான். என்றைக்கும் அப்படி வைக்கிறவன் இல்லை.

நயமாகப் பேச எனக்குத் தெரியாது. “சாகப் போறியாடா?” என்று கேட்டுவிட்டேன்.

சுவரைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். “ஆமாண்ணே” என்றான்.

திட்ட வாய் வந்தது. என் மனைவி முழங்கையால் இடித்தாள். அடக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். அவன் சொல்லச் சொல்லக் கேட்டேன். ஒரு காரணம் என்று இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தது. ஆபத்தானது ஏதும் அறையில் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். கண்ணால் காட்டினான். அவள் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“காலைல நான் சொன்னேனே” என்று ஆரம்பித்தேன்.

“அதனால இல்லண்ணே. முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்” என்றான். பிறகு, “ஆனா நீங்களும் அதையே சொன்னப்ப, சரிதான்னு தோணிச்சு” என்றான்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீ ஓடிப்போறன்னு நினைச்சேன்டா. சந்தேகப்பட்டே பழகிட்டேன். இந்தச் சந்தேகம் மட்டும் வரல. தப்பு என்னோடது.”

அவன் அழுதான். அழட்டும் என்று விட்டேன்.

ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் வெகுதூரம். மனசுக்கு மருந்து கொடுக்கிறேன் என்பவர்களை நம்பியதே இல்லை. அன்றைக்கு நான்தான் ஆட்டோ பிடித்தேன். டாக்டரம்மா அவனிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார். வெளியே வந்து மருந்து, அடுத்து வரவேண்டிய நாள் எல்லாம் சொன்னார். அவனைத் தனியாக விடக்கூடாது, யார் கூட இருப்பீர்கள் என்று கேட்டார். அவன் அக்கா வெளியூரிலிருந்து வர மறுநாள் ஆகும்.

“எங்க வீட்ல இருப்பான்” என்றேன்.

“எதும் கவனிச்சீங்களா இவர்கிட்ட?”

எல்லாம் கவனித்திருந்தேன். டப்பா, தூக்கம், பாரம் என்று சொன்னது, பெட்டி. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் ரேடியோ சிரித்தான். “உங்க குறட்டையில எப்படிண்ணே தூங்கறது?”

என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலும் இதே சிரிப்புத்தான் சிரித்தான்.

“நிஜமாவே சிரிக்கிறியா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “இல்லண்ணே.”

“சரி. சிரிக்க வேணாம். வா போலாம்.”