சதுரம் போட வந்த வண்டி

"இப்போ நம்ம ரோபோ தானா சதுரம் போடும். அமெரிக்காக்காரன் வாயப் பொளக்கப் போறான்!" என்று மைக்கில் முழங்கினார் சக்கரபாணி. திண்டிவனத்தில் அவர் நடத்திய நர்சரி பள்ளியின் 2013ஆம் ஆண்டு விழா அது. அமெரிக்காவை மிரட்டவிருந்த ரோபோ, டிபன் டப்பா அளவில், இரண்டு சக்கரமும் பின்னால் கட்டிய சாக்பீஸுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது.

மூன்று மாதம் முன்பு விழுப்புரத்தில் அதை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அமல்ராணி. சதுரம் வராவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தார் சக்கரபாணி.

அவளுக்குப் பயமில்லை. பிள்ளைகள் அதோடு நன்றாகப் பழகியிருந்தார்கள். முதலில் தாங்களே ரோபோவாகி நேராக நடப்பார்கள், திரும்புவார்கள். அப்புறம்தான் பொத்தானை அமுக்குவார்கள்.

"இருங்க மிஸ், பூஜை போடாம வண்டி எடுக்கலாமா?" என்றார் சக்கரபாணி.

பள்ளி வேனுக்குச் செய்வதை அப்படியே செய்தார். சந்தனம், குங்குமம், இடது சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். பழம் சக்கரத்தைவிடப் பெரியது. அரிந்து வைத்து, ரோபோவின் தலையில் ஓர் அமுக்கு அமுக்கினார்.

"சார், அது வேன் இல்ல சார்!"

"சக்கரம் இருக்குதில்ல?"

அமல்ராணி பொத்தானைத் தட்டினாள். இடது சக்கரம் பழச்சக்கையில் சிக்கி நின்றது. வலது சக்கரம் மட்டும் ஓட, ரோபோ சுற்றிச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டது. கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன.

"இன்னாங்க, சதுரம்னீங்க?" என்றார் சிறப்பு விருந்தினரான வேர்க்கடலை வியாபாரி, மல்லாட்டை மண்டி சீனுவாசன்.

முன்வரிசையிலிருந்து ஒன்றாம் வகுப்பு அஸ்வினி கத்தினாள்: "மிஸ், அதுக்கு ஒரு காலு மாட்டிக்கிச்சு! இன்னொரு காலு மட்டும் நடந்துக்கினு கீது!"

சொன்னதோடு விடாமல், இடது காலை ஊன்றி, வலது காலை எட்டியெட்டி வைத்துச் சுற்றிக் காட்டினாள். வகுப்பு முழுக்க எழுந்து அதேபோல் சுற்றியது. பந்தலெங்கும் வட்டங்கள்.

சீனுவாசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அடேங்கப்பா! வட்டம் எப்படி வருதுன்னு ஒண்ணாங் கிளாஸ் புள்ளைங்க சொல்லுதே! யாருங்க சொல்லிக் குடுத்தது?"

அமல்ராணி வாயைத் திறப்பதற்குள் மைக் உயிர்பெற்றது.

"எலுமிச்சம்பழம் வெச்சது நான்தாங்க!"

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. திறந்த வாயை மூட அமல்ராணிக்கு வெகுநேரம் ஆயிற்று. செய்த குற்றத்தை இத்தனை பெருமையாக ஒப்புக்கொண்ட மனிதரை அவள் கண்டதேயில்லை.

மாலையும் கழுத்துமாக மேடையை விட்டு இறங்கிய சக்கரபாணி அவள் பக்கம் குனிந்தார்.

"நாளைக்கு ஜல்தி வந்துடுங்க மிஸ். முக்கோணத்துக்கு எத்தினி பழம் வாங்கட்டும்?"