பொம்மை போட்ட தும்மல்

எங்கள் ரோபோ தானாகப் பேசுகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு ரகசியம்: இன்னும் பேசாது. பக்கத்து அறையில் கேமரா திரையும் மைக்குமாக நான் உட்கார்ந்திருப்பேன். என் குரல்தான் பொடிக்குரலாக அதன் வாயில் வரும். எங்கள் தொழிலில் முதலில் இப்படித்தான் சோதித்துப் பார்ப்போம். ஏமாற்று வேலை என்று என்மேல் பாயாதீர்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு விளையாடத்தான் அதைச் செய்தேன். இரண்டு வருட உழைப்பு. ஆனால் அக்காவின் ஆறு வயது மகள் சிட்டு, மூன்று வாரமாக அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சித்தியான என்னையும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதைச் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும்.

அன்று சிட்டுவுக்குப் பயிற்சி தரும் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கும் அவ திரும்பலன்னா பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. குழந்தையப் படுத்தாதீங்க."

"படுத்துறேனா? நானா?" என்று எகிறினேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

சிட்டுவுக்கு எதிர் நாற்காலியில் இருந்த ரோபோ கட்டை அடுக்கியது. அவளும் ஒன்று வைத்தாள். "சபாஷ்! சூப்பர்!" என்று மைக்கில் தொண்டை கிழியக் கத்தினேன். காதைப் பொத்திக்கொண்டாள். சத்தமாகப் பாராட்டினால் அவளுக்கு ஆகாது என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள், கேட்டேனா? நான்தான் மெத்தப் படித்தவளாயிற்றே!

வாயை மூடினேன், மைக்கை மூட மறந்தேன். அறைத் தூசி மூக்கில் ஏற, ரோபோ போட்டது பாருங்கள் ஒரு தும்மல்!

சிட்டு திரும்பினாள். "இன்னொண்ணு."

கூப்பிட்டால் வருமா தும்மல்? வாயால் "ஹச்" என்றேன். போலி என்று கண்டுபிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு வழி? காகிதத்தைத் திரித்து மூக்கில் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழாவது, மைக்கே தேவையில்லாமல் சுவரைத் தாண்டியது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காம். என் புளுகு எட்டுத் தும்மலுக்குக்கூடத் தாங்கவில்லை. கதவைத் திறந்து சிட்டு நின்றாள். மூக்கில் திரியோடு நான்.

என் விரலைப் பிடித்து இழுத்துப் போனாள். ரோபோவை இறக்கி, சுவரைப் பார்க்க வைத்தாள். அதன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள்.

"தும்மு."

டீச்சர் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னார்: "பொம்மைய எடுத்துட்டுப் போயிடுங்க. நாளைக்கு நீங்க மட்டும் வாங்க, போதும்."

"ரெண்டு வருஷ உழைப்புங்க!" என்று கத்த வாயைத் திறந்தேன். சிட்டு என் மூக்கையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கு வேண்டும் ரோபோ? இன்னொரு திரி திரித்தேன்.