கிணறு உண்மையானது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் பெருமைக்கு இப்படிச் சொல்வதுண்டு. நான் சொல்வது வேறு வகை. கந்தோர்க் கடிதத்தாளில் தட்டெழுதி, ‘எஞ்சினியருக்காக’ என்று போட்டு நானே ஒப்பமிட்டு, அரசாங்க உறையில் முத்திரைச் செலவில்லாமல் அனுப்பிய பொய். அதற்காக என் வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைத்து, இந்த 1969இல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ஒட்டுசுட்டான் சந்தியில் பஸ் நின்றபோது, கையில் சுத்தியலோடு ஒரு பெண்...’

நல்ல தொடக்கம்தான். ஆனால் அவள் இறங்குவதற்கு முன்பே நான் செய்த திருகுதாளத்தை அது மறைத்துவிடுகிறது. விட்டுவிட்டேன்.

பிறகு: ‘மனித மனத்தைப் போலவே வன்னி மண்ணும் பல அடுக்குகளை...’

இதை எழுதியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. அடித்துவிட்டேன். ஆகவே, நடந்தபடியே, கடிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

2

1964 சித்திரை. எனக்கு இருபத்துமூன்று வயது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், குளத்து வேலைக்கென்று போட்டிருந்த ஒரு சின்னக் கந்தோரில் கிளாக்கர்.

அந்த மாதங்களில் பேராதனையிலிருந்து கடிதங்கள் வரும். புவிச்சரிதவியல் படிக்கிற மாணவர்கள், அதாவது மண்ணையும் கல்லையும் படிக்கிறவர்கள், நீண்ட விடுமுறையில் ஆறு கிழமை எங்காவது வெளிக்கள வேலை பழக வேண்டும். பழகினோம் என்று சான்றிதழும் கொண்டுபோக வேண்டும். எங்கள் எஞ்சினியர் கடிதங்களை வாசிப்பதில்லை. “இடமில்லையெண்டு எழுதும்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார். நானும் எழுதுவேன். அந்த வருடம் ஏழு ‘இல்லை’ எழுதியிருந்தேன்.

எட்டாவது கடிதம் கமலாசனி என்ற மாணவியுடையது. அவளுடைய வகுப்பில் ஆண்கள் எல்லாருக்கும் நில அளவை முகாம்களில் இடம் கிடைத்துவிட்டது. பெண்களுக்குத் தங்குமிட வசதியில்லை என்று இவளை மட்டும் ஒருவரும் சேர்க்கவில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் சிறப்புப் பட்ட வகுப்பிலிருந்து அவளை எடுத்துவிடுவார்கள். இவ்வளவும் ஆங்கிலத்தில் தட்டெழுதியிருந்தது. கடைசியில், தாளின் ஓரத்தில், பேனையால் தமிழில் ஒரு வரி: ‘இல்லை என்றாலும் தயவுசெய்து பதில் போடுங்கள். பதினொரு இடத்துக்கு எழுதினேன். ஒருவரும் போடவில்லை.’

நான் பதில் போட்டேன். ‘எமது கிணற்று மண் ஆய்வு முகாமில் ஓர் இடம் உண்டு. பெண்களுக்குத் தங்குமிடம் உண்டு. அனுபவமிக்க மேற்பார்வையாளர் உண்டு. மாதிரிப் போத்தல்கள் வழங்கப்படும்.’

(முகாம் ஒன்றும் இல்லை. போத்தலும் இல்லை. கந்தோரில் இருந்தவை ஒரு தட்டச்சு, இரண்டு கதிரை, கறையான் அரித்த ஒரு அலுமாரி.)

ஏன் எழுதினேன்? இரக்கத்தால் என்று எழுதினால் நான் நல்லவனாகிவிடுவேன், கதையும் அழகாக இருக்கும். உண்மை அவ்வளவு அழகில்லை. ஏழு தடவை ஒரே வசனத்தை அடித்து விரல் அலுத்துப்போயிருந்தது. ‘உண்டு’ என்று அடித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ஓரத்து வரியும் சும்மா இருக்க விடவில்லை. மூன்றும் சேர்ந்துதான்.

* பொய் எழுதியவன் அதன் பிரதியைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நான் இலக்கமிட்டு, கோவையில் ஒழுங்காகக் கோத்து வைத்தேன். கிளாக்கர் புத்தி. இது பின்னால் வரும்.

3

ஐந்தாம் நாள் தந்தி வந்தது: திங்கள் வருகிறேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு, கிணறு வெட்டுகிற மஹ்றூபிடம் ஓடினேன். முல்லைத்தீவுக்காரர்; எங்களுக்கெல்லாம் ‘நானா’, அதாவது அண்ணன். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறு அவர் கைப்பட்டது. அப்போது குடியேற்றத் திட்டத்தில் இளையதம்பியின் காணியில் வெட்டிக்கொண்டிருந்தார். இளையதம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர். குடிதண்ணீருக்கு அவருடைய மனைவி இரஞ்சிதம் ஒரு கட்டை (ஒரு மைல்) தூரம் நடந்துகொண்டிருந்தா.

எல்லாவற்றையும் சொன்னேன். மஹ்றூப் பீடியை அணைத்தார்.

“கடிதத்தில என்னெண்டு எழுதினீங்க, கிளாக்கர் தம்பி?”

“கிணத்து மண் ஆய்வு முகாம் எண்டு, நானா.”

“முகாம்தானே பொய். கிணறு மெய்தானே. வரட்டும் அந்தப் புள்ள.”

குசினி வாசலில் நின்ற இரஞ்சிதமக்கா இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டா. “பெட்டைக்குப் படுக்க அந்த அறை இருக்குது. நீர் போய்ப் போத்தலைத் தேடும்.”

இந்த இரண்டு பேருக்கும் நான் ஒருபோதும் நன்றி சொன்னதில்லை. சொன்னால் “உனக்கென்ன விசரே?” என்று கேட்பார்கள். அதனால்தான் அவர்கள் வாசிக்கமாட்டாத ஓர் இடத்தில் எழுதுகிறேன்.

4

கமலாசனி எனக்குப் பிடிபடாத பாத்திரம். முதல் பிரதியில் அவளைத் துணிச்சல்காரியாக எழுதியிருந்தேன். அது சரியில்லை. அவள் எதற்கெடுத்தாலும் பயந்தாள்: மாட்டுக்கு, அட்டைக்கு, இரவில் யானை வந்துவிடுமோ என்று. மண்ணுக்கு மட்டும் பயமில்லை.

கிணற்றடியில் மஹ்றூபின் சட்டங்கள் இரண்டு. செருப்போடு ஒருவரும் கிட்ட வரக்கூடாது. அவருடைய ஆட்களைத் தவிர ஒருவரும் உள்ளே இறங்கக்கூடாது; பெண்களை இறக்கினதே இல்லை. கமலாசனி இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, கிணற்று வாயில் கொப்பியோடு குந்தினாள். ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் ஒரு கூடை மண் அவளுக்குத் தனியாக ஏறியது. அதை மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் குவியலாக வைத்து, பனையோலைத் துண்டில் இலக்கமிட்டுக் குத்தினாள். ஒன்றிலிருந்து ஐந்துவரை செம்மண். பிறகு சரளை. பத்திலிருந்து பதினாறுவரை வெண்ணெய் மாதிரி மஞ்சள் களி. அதற்குக் கீழே மக்கிய பாறை. இருபத்துநாலாம் அடியில் தண்ணீர்.

குவியல்கள் போத்தலில் இருந்திருக்க வேண்டும். போத்தல் வழங்கப்படும் என்று எழுதியவன் நான். ஒவ்வொரு கிழமையும் “கொழும்பிலிருந்து வருகுது” என்று சொல்லிக்கொண்டு, சோடாக்கடை சோடாக்கடையாக வெறும் போத்தல் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

5

இந்தப் பகுதியை நாலு தரம் எழுதிவிட்டேன். யார்மேலும் பழி விழாமல் எழுத வேண்டும் என்பதுதான் சிக்கல்.

வைகாசி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மூன்று நாள். ஆறாவது கிழமை. கமலாசனி போவதற்கு நாலு நாள். இருபத்துநாலு போத்தலும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது. சைக்கிள் கரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெருமையோடு போனேன். குளக்கட்டுப் பக்கம் கல் பார்க்கப் போயிருந்த கமலாசனியும் அப்போதுதான் படலையைத் திறந்தாள்.

வீடு பளபளவென்று இருந்தது. சுவரெல்லாம் மஞ்சள் களி மெழுகி, முற்றத்துப் பள்ளம் சரளையும் செம்மண்ணுமாக நிரவி, கொட்டில் துப்புரவாகக் கூட்டி... பனையோலைத் துண்டுகளை மட்டும் அடுக்கி, நூலால் கட்டி வைத்திருந்தா இரஞ்சிதமக்கா.

“பொங்கலுக்கு வீட்டில மண் குவிஞ்சு கிடக்கப்படாது, பிள்ளை. நீர்தான் எல்லாத்தையும் கொப்பியிலை எழுதி முடிச்சிட்டீரே. இப்படிக் களி இந்தப் பக்கத்தில ஒருத்தருக்கும் கிடைக்காது!”

கமலாசனி சுவரைத் தடவிப் பார்த்தாள். “கொப்பி மட்டும் காணாதக்கா. மண்ணைக் கொண்டுபோய்க் காட்டவேணும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கொட்டில் தரையில் இருந்து அழுதாள். விஷயம் விளங்கியதும் இரஞ்சிதமக்காவும் பக்கத்தில் இருந்து அழுதா. நான் சாக்கோடு நின்றேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் வேறு எப்போதும் வந்ததில்லை.

இளையதம்பி போய் மஹ்றூபைக் கூட்டிவந்தார். அவர் சுவரைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கிளாக்கர் தம்பி, உங்க பாஷையில சொல்றன். மேல கிடந்தது பிரதி. அசல் அப்பிடியே உள்ளுக்க இருக்கு.”

கிணற்றின் அடியில் மூன்று வரிசை கல் கட்டியாகிவிட்டது. அதைப் பிரிக்கச் சொன்னார்.

“நான் வெட்டி அனுப்பினா அது திரும்பவும் என்ர கண். புள்ளதான் பார்த்து எடுக்கோணும். இறங்கும் மகள்.”

* ‘தன் தகப்பன் காலத்திலும் உடையாத சட்டத்தை அவர் அன்று உடைத்தார்’ என்று ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை உடைத்தமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. எடுத்துவிட்டேன்.

6

மறுநாள் காலை, இளையதம்பியின் அரைக்காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு கமலாசனி இறங்கினாள். கயிற்றின் மறுமுனையை யாருக்கும் விடமாட்டேன் என்று இரஞ்சிதமக்கா பிடித்துக்கொண்டா. கமலாசனி ஒவ்வோர் அடியிலும் சுவரைக் கொத்தி எடுத்து, கீழேயிருந்து இலக்கத்தைக் கூப்பிட்டாள். நான் மேலே வாங்கிப் போத்தலில் அடைத்தேன்.

பதினேழாம் போத்தலில் ஜீப் சத்தம் கேட்டது.

எஞ்சினியர் வேறு எதையோ தேடிக் கோவையைப் புரட்டியிருக்கிறார். என் பிரதி அகப்பட்டுவிட்டது. அதைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின. (அ) அவர் மனம் நெகிழ்ந்து கண் கலங்குகிறார். (ஆ) என்னை அந்த இடத்திலேயே வேலையால் நிறுத்துகிறார். முதலாவதை அவரைத் தெரிந்த ஒருவரும் நம்பமாட்டார். இரண்டாவதை நானே எதிர்பார்த்து நின்றேன்.

நடந்தது இது. அவர் வாய் திறப்பதற்கு முன் மஹ்றூப் சத்தம் போட்டார்: “ஐயா, சப்பாத்து!”

எஞ்சினியர் நின்றார். குனிந்து நாடாவை அவிழ்த்தார். வெறுங்காலோடு வந்து எட்டிப் பார்த்தார். கீழே, கிணற்றுச் சுவரில் காலை ஊன்றியபடி, தலைமயிரெல்லாம் மண்ணாக ஒரு பெண். நிமிர்ந்து பார்க்காமலே “பதினெட்டு!” என்று கூப்பிட்டாள்.

“இது ஆருடைய முகாம்?” என்று கேட்டார்.

“எங்கட” என்றா இரஞ்சிதமக்கா, கயிற்றை விடாமல்.

இருபத்துநாலும் ஏறும்வரை அவர் போகவில்லை. அவள் மேலே வந்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துக்காகச் சான்றிதழ்ப் படிவத்தை நீட்டினாள். அவர் மறுத்துவிட்டார். “என்ரை கந்தோரிலை இல்லாத முகாமுக்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது, பிள்ளை.” அது நியாயம். அப்போதுதான் கமலாசனிக்கு எல்லாம் விளங்கியது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத நான் முயற்சி செய்யப்போவதில்லை.

மஹ்றூப் தாளை வாங்கினார். மேற்பார்வையாளர் என்ற இடத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். இளையதம்பி ‘காணிக்காரர்’ என்று போட்டார். இரஞ்சிதமக்கா ‘தங்குமிடம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தா. எஞ்சினியர் மூன்று கையெழுத்தையும் வாசித்தார். பிறகு பேனையை எடுத்துக் கீழே எழுதினார்: ‘மேலே ஒப்பமிட்டவர்களை எனக்குத் தெரியும். கிணறு உண்மையானது. நேரில் பார்த்தேன்.’

* எனக்குக் கடுமையான எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதையும் நானேதான் தட்டெழுதினேன். பிரதி கோவையில் இருக்கிறது.

7

பஸ் ஏறும்போது கமலாசனி என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாள். “நீங்கள் ஒருத்தர்தான் பதில் போட்டனீங்கள்.” அதை மன்னிப்பாக எடுப்பதா, நன்றியாக எடுப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நன்றியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

பேராதனையில் அந்தச் சான்றிதழுக்கு என்ன நடந்தது? அவள் எழுதவில்லை. ஆனால் அடுத்த சித்திரையில் தபால்காரர் ஒரு கடிதத்தோடு ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் மஹ்றூபின் வீட்டில் கொடுத்தார். முகவரி: கிணற்று மண் ஆய்வு முகாம், ஒட்டுசுட்டான். உள்ளே: ‘சிறப்பு வகுப்புக் கமலாசனி அக்காதான் இந்த விலாசம் தந்தா.’ நான் அதை மஹ்றூபுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரமும் கேட்டார்.

பிறகு ஒவ்வொரு வருடமும் ஒருவர் வந்தார். வெட்ட ஒரு கிணறும் இருந்தது. இரஞ்சிதமக்காவின் அறையும் இருந்தது. நான் அடித்த ஒரு பொய்யை இவர்கள் ஐந்து வருடமாக மெய்யாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கதைக்குள் நான் சொல்ல வந்த நன்றி இவ்வளவுதான்.

இந்த வருடக் கடிதம் மேசையில் கிடக்கிறது. நேசமலர் என்ற பெண். ஆண்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டதாம். ஆனால் திட்டத்தில் எல்லாக் காணியிலும் கிணறு வெட்டி முடிந்துவிட்டது. இந்த வருடம் வெட்டக் கிணறு இல்லை. மஹ்றூப் நேற்றும் வந்து கேட்டார்: “பதில் போட்டாச்சா?”

தட்டச்சில் தாள் ஏற்றியிருக்கிறேன். ‘அன்புள்ள நேசமலர், உமது கடிதம் கிடைத்தது. எமது முகாமில் இடம்...’ என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். கிணறில்லாமல் இன்னொரு தரம் ‘உண்டு’ என்று அடிக்க மாட்டேன். ‘இல்லை’ என்று அடிக்க விரல் வரவில்லை.

முடிவு உங்களிடம் இருக்கிறது. உங்கள் வீட்டு வளவில் கிணறு வெட்டும் எண்ணம் உண்டா? படுக்க ஓர் அறை இருந்தால் போதும். போத்தல் நான் கொண்டுவருகிறேன்.

இல்லை என்றாலும் தயவுசெய்து பதில் போடுங்கள்.