டிரான்ஸ்பார்மருக்குப் போட்ட பனியன்

...அப்படியானால் இந்தத் துணி எத்தனை தரம் நனைத்தாலும் காய்ந்துகொண்டேதான் இருக்கும், காயக் காய நனைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் வீட்டு மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டால் எதிர்த்துப் பேச மாட்டான், எத்தனை வசதி மச்சானுக்கு, என்று நினைத்தபடியே அங்கமுத்து தண்ணீர்க் குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்தினான். வேலிக்கு அந்தப் பக்கம் பனியன் கம்பெனியின் டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருந்தது, காலையில் இருந்த உறுமல் இல்லை இது, தொண்டை கட்டியவன் கனைப்பது போல... அதன் விலாவில் வரிசையாக நிற்கும் இரும்புப் பட்டைகள், உள்ளே காயும் எண்ணெய் காற்றுப் பட்டு ஆறுவதற்கென்றே இருப்பவை, அவற்றின் மேல்தான் கட்டிங்கில் மிஞ்சிய வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகத் தொங்கியது. யோசனை கம்பெனி முதலாளியான மச்சான் குமாரவேலுடையது. “வேஸ்ட்டு மலையாட்டங் கெடக்குதுங்க மாப்ள, நனைச்சுப் போட்டு உடுங்க. சரக்கு சாயங்காலம் கன்டெய்னர்ல ஏறிப் போச்சுன்னா அப்பறம் ஆற அமரப் பாத்துக்கலாம்.” மாப்ள, போட்டு உடுங்க... மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. சுப்புலட்சுமியைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவள் அண்ணன் ஒரு வார்த்தை ஒருமையில் பேசியதில்லை. மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஓர் ஆளைத் தண்ணீர் பிடிக்க நிறுத்திவிட முடியும் என்று அருள்புரம் வந்த பிறகுதான் தெரிந்தது.

வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். அரை மணி முன்பு சொட்டச் சொட்ட இருந்தது, இப்போது அப்பளம் போல் மொறுமொறுத்தது. பட்டைகளின் இடுக்கில் ஏற்கெனவே பஞ்சுத் தூசி அப்பியிருக்கிறது, நிட்டிங்கிலிருந்து பறந்து வருவது, கரண்டை நிறுத்திக் கழுவ வேண்டும் என்று எத்தனை ஞாயிறு சொல்லியாயிற்று, எந்த ஞாயிறு இங்கே மிஷின் நின்றது? அதன் மேல் இந்தக் காய்ந்த துணி. ஈரமாக இருக்கும் வரைக்கும் குளிர்ச்சி, காய்ந்துவிட்டால் காற்றையே அண்டவிடாத போர்வை. காய்ச்சல்காரனைக் கம்பளியில் சுற்றி வெயிலில் உட்கார வைத்திருக்கிறோம்... இதைச் சொன்னால் மச்சான் சிரிப்பார். எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மானியின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. சிவப்புக்குப் போனால் தானாகவே கரண்டை நிறுத்திவிடும் ட்ரிப் ஒன்று இதில் உண்டு, உண்டு என்ன, இருந்தது. போன வாரம் அது இரண்டு தரம் நிறுத்தி, தையல் லைன் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், மச்சான் எலெக்ட்ரீசியன் கதிர்வேலைக் கூப்பிட்டு அந்த ஒயரைக் கழற்றச் சொன்னார். கழற்றி முனையில் டேப்பைச் சுற்றிவிட்டு, “இனி நீங்கதானுங்ணா ட்ரிப்பு” என்று சொல்லிவிட்டு மடத்துக்குளம் போனவன் போனை எடுப்பதில்லை. விளையாட்டாகச் சொன்னானா, விளங்கித்தான் சொன்னானா?

“ஏனுங்க தம்பி, டிரான்ஸ்பார்மருக்குப் பனியன் போட்டு உட்டிருக்கீங்க, ஜட்டி போடலீங்ளா?” செக்கிங் பழனாயி. சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு, கூட இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். வேலியை ஒட்டிய தகரக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், டிரான்ஸ்பார்மருக்கும் அவர்களுக்கும் நடுவே அந்தக் கம்பி வேலி மட்டும்தான். “அந்தப் பக்கம் போயி உக்காந்து சாப்புடுங்கக்கா, இங்க அனலடிக்குது” என்றான். “அனலடிச்சாலும் நெழலுங்க தம்பி. எந்நேரமும் மொதலாளி காரு நிக்கிற எடம், இன்னைக்குத்தான் எங்களுக்கு வாச்சுது. கெடுக்காதீங்க சாமி.”

அவன் குழாயைக் கீழே விட்டான். கார் இல்லை. ஆமாம், இல்லை. மச்சான் எங்கேயும் போகவில்லையே, கொஞ்ச நேரம் முன்புகூட கண்ணாடி அறைக்குள்ளிருந்து கையசைத்து, ஊத்துங்க ஊத்துங்க என்றாரே... கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். பல்லடம் போகிற ரோட்டோரம், ஒரு வேப்பங்கன்றின் நிழல்கூட இல்லாத இடத்தில், வெள்ளைக் கார் நட்ட நடு வெயிலில் நின்றது. பெயின்ட் வெளுத்துவிடும் என்று கல்யாண மண்டபத்திலும் நிழல் தேடி மூன்று சுற்றுச் சுற்றுகிறவர். இந்தக் கொட்டகையையே காருக்கென்று போட்டவர். அப்படியானால்... தெரியும். துணி காயும் என்று தெரியும், முள் ஏறும் என்று தெரியும், வெடித்தால் எண்ணெய் எங்கே தெறிக்கும் என்றுகூட அளந்து வைத்திருக்கிறார். காரை மட்டும் காலையிலேயே வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, மாப்ள, நனைச்சு உடுங்க.

ஸ்விட்ச் ரூம் பத்தடிதான், கைப்பிடியைக் கீழே இழுத்தால் மொத்தமும் நின்றுவிடும். கன்டெய்னர் நின்றுவிடும். சுப்புலட்சுமி ஒன்றும் கேட்க மாட்டாள், அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்கக் காரணம் தேடுவாள், அவ்வளவுதான். இழுக்காவிட்டால்? நாளைக்கு யார் கேட்டாலும், தண்ணீர் பிடித்தது யார், மாப்பிள்ளைதான், பக்கத்திலேயே நின்றாரே... உறுமல் ஒரு தரம் ஏறி இறங்கியது. “எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க, போசியத் தூக்குங்க” என்று கத்தினான். குரலில் என்ன இருந்ததோ, பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார்கள். பழனாயி மட்டும் போசியை மூடியபடி சுற்றிலும் பார்த்தாள். “ஏனுங்க தம்பி, உங்க வண்டியுந்தான் இங்க நிக்கும். அதையுங் காணமே?”

ஸ்விட்ச் ரூமை நோக்கி நடந்துகொண்டிருந்தவன் நின்றான். அவனுடைய ஸ்கூட்டர், எந்நாளும் மச்சான் காரின் பின்சக்கரத்தை ஒட்டி நிற்பது, டீக்கடைப் பக்கம் வெயிலில் நின்றிருந்தது. காலையில் அங்கே நிறுத்தும்போது என்ன நினைத்தான்... ஒன்றும் நினைக்கவில்லை, கார் வெளியே நின்றதைக்கூட அப்போது பார்க்கவில்லை, கை தானாகத் திருப்பியது, அவ்வளவுதான்... தானாகத்தானா?