சார்ஜைக் குறைத்தால் ஏற்றுவோம்

திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரில் நான் வேலையில் சேர வேண்டும். போலியோ வந்த காலோடு, நான் தனியாகத் தங்கப்போகும் அறைக்கும் அலுவலகத்துக்கும் போய்வர, என் பேட்டரி ஸ்கூட்டர் அதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை மதியம் தேனி பார்சல் ஆபீஸில் நின்ற எங்கள் இருவருக்கும் அதுதான் கவலை என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒச்சாண்டி, முன்பு தம்பியின் பைக்கை லாரியில் அனுப்பியவர். அப்போது பெட்ரோல் டேங்கைக் காலி செய்யச் சொன்னார்களாம். "இதுக்கு டேங்கு பேட்டரிதான" என்று அதைக் கழற்றித் தனியாக அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

பெட்டியைப் பார்த்ததும் கிளார்க் ராக்கப்பன் இரண்டடி பின்னால் போனார்.

"வண்டிக்குள்ள இருந்தா அது வண்டி. வெளிய எடுத்தா தீப்பிடிக்கிற சரக்கு. தனியா ஏத்தக் கூடாதுன்னு மேல சொல்லியிருக்காக."

"ரெண்டும் ஒரே பேட்டரிதானண்ணே?" என்றேன்.

"ஒரே பேட்டரிதாம்மா."

பேட்டரியை வண்டியிலேயே திரும்ப மாட்டினோம். ராக்கப்பன் சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

"சார்ஜ் ஜாஸ்தி. முப்பதுக்குக் கீழ கொறச்சாத்தான் ஏத்துவோம்."

"நீங்க போடுறதுதானண்ணே சார்ஜு? பாத்துக் கொறைங்க" என்றார் வீட்டுக்காரர்.

"லாரி சார்ஜ் இல்லய்யா, பேட்டரி சார்ஜ். தொண்ணூத்தி நாலு பர்சென்ட் நிக்கிது. ஓட்டித்தான் எறக்கணும். ஆறு மணிக்கு லாரி. விட்டா திங்கக்கெழமதான்."

காலையில் வேலை மெனக்கெட்டு அந்தச் சார்ஜை ஏற்றியவரும் என் வீட்டுக்காரர்தான். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"தனியாப் போகாத, கயலு. நான் வேணா ஓட்டிட்டு வாரேன்" என்றார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி என்னைத் தனியாக அவர் விட்டதில்லை. நான் காது கேட்காதவளாக ஏறி உட்கார்ந்து சின்னமனூர் ரோட்டில் விட்டேன்.

வீரபாண்டி தாண்டியும் எண் இறங்கவில்லை. திட்டினேன். திரும்பும்போது மடமடவென்று இறங்கியது. நடுரோட்டில் நின்றுவிடுமோ என்று அதற்கும் திட்டினேன். ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றபோது இருபத்தெட்டு.

"போதும், ஏத்தலாம்" என்றார் ராக்கப்பன்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. இருபத்தஞ்சுக்கு வரணுமோ என்னமோ" என்றார் வீட்டுக்காரர்.

"முப்பதுன்னு சொன்னேன்லய்யா."

"இல்ல, எதுக்கும் மேல ஒரு வார்த்த கேட்டுக்கங்க. பேட்டரியக் கழட்டி வேணாப் பாத்துருவமா?"

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மத்தியானத்திலிருந்து குழம்பிப்போய் நின்றது நான் மட்டும்தான். வண்டி ஏறாவிட்டால் நான் போக மாட்டேன் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

"ஒங்களத்தான். பின்னால ஒரு கை பிடிங்க" என்றேன்.

ராக்கப்பனை ஒரு தடவை பார்த்தார். பிறகு வந்து தூக்கினார்.