நூல் கடிக்கும் பல்

தையல்கூடத்தில் அவளைக் கத்தரிப்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷினுக்கு வலதுபக்கம் அருமையான கத்தரிக்கோல் ஒன்று இருக்கும். வைத்தது வைத்தபடியே இருக்கும். ஒரு தையல் முடிந்தால் துணியை முகத்தருகே தூக்குவாள், முன்பல்லில் நூலைக் கவ்வுவாள், 'டிக்'. அவ்வளவுதான், நூல் தையலோடு ஒட்ட அறுந்திருக்கும். பதினெட்டு வருஷப் பழக்கம். "என் கத்தரிக்கு மாசாமாசம் சாணை பிடிக்கணும், இவ பல்லுக்கு அதுவும் வேண்டாம்" என்று கூடத்தை நடத்துகிற மாஸ்டரே கேலி பண்ணுவார்.

அந்தப் பல்லுக்குத்தான் கேடு வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால், நாத்தனார் வழியாக வந்தது. நல்லதும் கெட்டதும் வேறு எந்த வழியாகத்தான் வருகிறது?

நாத்தனார் வெளியூரில் இருக்கிறாள். ஒருநாள் போனில் தன் போட்டோ ஒன்றை அனுப்பினாள். ஆள் பாதியாகிப் பத்து வயது குறைந்து நின்றாள். கத்தரிப்பல் உடனே கூப்பிட்டுக் கேட்டாள்.

"சாப்பாட்டை விட்டுட்டேன் அண்ணி. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எலுமிச்சம்பழமும் தேனும் கலந்த தண்ணி. ரொம்பப் பசிச்சா ரெண்டு பேரீச்சம்பழம். மூணே மாசம்!"

அன்றைக்கே கத்தரிப்பல் வாயைக் கட்டினாள். பஸ் ஓட்டுகிற புருஷன், "எனக்குச் சமைச்சு வெச்சுட்டு நீ பாட்டிலைக் கட்டிட்டு அழப்போறியா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். மெஷின் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் வந்து உட்கார்ந்தது. பத்துத் தையலுக்கு ஒரு வாய் குடிப்பாள்.

முதல் வாரம் பசி பிடுங்கித் தின்றது. இரண்டாவது வாரம் அது எங்கோ போய்விட்டது. அப்புறம்தான் அந்த சுகம் வந்தது. தெருவில் நடந்தால் கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. வீடுகளும் கடைகளும் அவளைக் கடந்து மெதுவாகப் பின்னால் போயின. கூடத்தின் எட்டு மெஷின்களின் சத்தமும் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவதுபோலக் கேட்டது. யாராவது கூப்பிட்டால் அந்தக் குரல் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாவாடைக் கயிற்றை இரண்டு விரற்கடை இழுத்துக் கட்டியபோது, இந்த உலகத்தில் தன்னைப்போல சந்தோஷமானவள் இல்லை என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள், அதில் பொய் இல்லை.

ஆறாவது வாரம் பல் தேய்க்கும்போது துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. முன்பற்களுக்கு நடுவே ஈறு புடைத்து, தொட்டால் கூசியது. கன்னத்தின் உள்ளே இரண்டு புண். காலையில் எழுந்தால் வாயில் இரும்புச் சாவியை வைத்துக்கொண்டு தூங்கியதுபோல ஒரு ருசி. மறுபடி நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அது நல்ல அறிகுறி அண்ணி! உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளிய வருது."

"வாய் வழியாவா?"

"வழி கெடைச்ச பக்கம் வரும்."

நாத்தனார் சொன்னால் வேதவாக்கு. தேய்த்தால்தானே ரத்தம் வருகிறது என்று முன்பற்களைத் தேய்ப்பதையே விட்டாள். நுரையும் வெள்ளையானது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அதே கணக்கு.

ஒரு விடியற்காலையில் கனவு வந்தது. பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று உள்ளங்கையில் விழுகின்றன. வலியே இல்லை. பார்த்தால் அவை பற்கள் இல்லை, நாலு ஓட்டை வெள்ளைப் பட்டன்கள். எதிரே, கூடத்தில் பட்டன் தைக்கிற காஜா அக்கா உட்கார்ந்து, "அடுத்ததைக் குடு, அடுத்ததைக் குடு" என்று வாங்கி வாங்கி ஒரு நீளமான வெள்ளைத் துணியில் தைத்துக்கொண்டே இருக்கிறாள். துணி ஜன்னல் வழியே வெளியே போய்த் தெருவெல்லாம் நிறைகிறது. கத்தரிப்பல் சிரித்தபடியே கண்விழித்தாள்.

காஜா அக்கா நிஜத்தில் அவளுக்கு எதிரேதான் உட்காருவாள். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அவள் கைவேலை. வயது ஐம்பத்தாறு; தனி ஆள், கையை நம்பிப் பிழைப்பவள். கத்தரிப்பல் கூடத்துக்கு வந்த முதல் நாளில் அவளுக்குப் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

அந்த மாதம் கூடத்துக்குப் பெரிய வேலை வந்திருந்தது. ஒரு பாட்டுக்குழுவுக்கு நாற்பது வெள்ளைக் கவுன்கள். தைத்து முடித்தவற்றைக் கம்பியில் மாட்டியிருந்தார்கள். மின்விசிறி சுற்றும்போது அவை ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு ஆடும். தலையில்லாத நாற்பது பெண்கள் ரகசியம் பேசுகிறார்கள் என்று கத்தரிப்பலுக்குத் தோன்றும். பார்த்துக்கொண்டே கையை நிறுத்திவிடுவாள்.

இஸ்திரி போடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு கவுனின் கழுத்தோரம் கடுகளவு பழுப்புப் புள்ளி. இன்னொன்றின் கைமுனையில் ஒன்று. மூன்றாவது நாள் ஏழு கவுன்களில் புள்ளி. மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது ரத்தம்."

எல்லோரும் காஜா அக்காவைப் பார்த்தார்கள். கூடத்தில் கையில் ஊசி பிடிப்பவள் அவள் ஒருத்திதான். கண்ணும் முன்னைப்போல இல்லை. ஊசியில் நூல் கோக்க நாலு தடவை குத்துவாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

காஜா அக்கா விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குத்தினது எனக்கே தெரியலியே மாஸ்டர்" என்றாள். மறுநாள் எட்டு விரல்களிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வந்தாள். அந்த விரல்களோடு ஊசி பிடிப்பது கையில் சாக்குப்பையை மாட்டிக்கொண்டு சீப்பு பிடிப்பதுபோல. வேலை பாதியாகக் குறைந்தது. புள்ளிகள் குறையவில்லை.

கத்தரிப்பலுக்குப் பாவமாக இருந்தது. 'வயசாச்சு, கண்ணாடி போடுங்கன்னா கேக்கிறதில்ல' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். புண்ணில் பட்டுச் சுரீர் என்றது. துணியைத் தூக்கி நூலைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "நாளைக்கு சாயங்காலம் கவுனைக் குடுக்கணும். இன்னும் ஒரு புள்ளி பாத்தேன்னா, திங்கக்கிழமை நீங்க வர வேணாம். எனக்கு வேற வழி இல்லக்கா."

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கத்தரிப்பல் போவதில்லை, அவளுக்குத்தான் பாட்டில் இருக்கிறதே. காஜா அக்காவும் போகவில்லை. ஒரு கவுனை மடியில் வைத்து, புள்ளிமேல் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. துணியில் ரத்தம் பட்டால் சோப்பு எடுக்காது, யாருடைய ரத்தமோ அவருடைய எச்சில்தான் எடுக்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொள்வது அது.

"போகலடி. என் ரத்தம்தான், என் எச்சிலுக்கே போகல. உடம்பு கெட்டுப்போச்சு போலிருக்கு, எச்சில்லகூட சத்து இல்ல" என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள்.

கவுன் மேஜைமேல் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. கத்தரிப்பலின் தலை காற்றில் மிதந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே கவுனை எடுத்தாள், நாக்கு நுனியால் புள்ளியை நனைத்தாள், கட்டைவிரலால் இரண்டு தேய் தேய்த்தாள்.

புள்ளி போய்விட்டது.

இன்னொரு கவுனை எடுத்தாள். அதிலும் போயிற்று. பக்கத்தில் கிடந்த வெள்ளைத் துண்டுத்துணி ஒன்றை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்த்தாள். துணியில் இரண்டு பற்களின் தடம், தடத்தின் விளிம்பில் சிவப்பு. பதினொரு நாள் ஊரெல்லாம் தேடிய திருடன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மிதந்துகொண்டிருந்த தலை ஒரே நொடியில் கழுத்தின்மேல் வந்து உட்கார்ந்தது.

காஜா அக்கா குவளையோடு வருவதற்குள் கத்தரிப்பல் துண்டுத்துணியை இடுப்பில் செருகிவிட்டாள். "போயிடுச்சுக்கா" என்றாள். மற்றதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? இனிமேல் கத்தரிக்கோலை எடுத்தால் புள்ளி நின்றுவிடும். அக்காவுக்கும் வேலை போகாது, தன் பெயரும் கெடாது. யாருக்கு நஷ்டம்? மீதிப் புள்ளிகளையும் அதேபோல எச்சில் தொட்டு எடுத்துவிட்டாள். மத்தியானத்திலிருந்து கத்தரியால் நூலை வெட்டினாள். யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுறீங்க?" என்றாள். கத்தரிப்பல் சொன்னாள். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"நாள் பூரா இனிப்பும் புளிப்பும் பல்லிலேயே ஊறிட்டிருக்கு. உடம்புக்கு வேண்டிய சாப்பாடு எதுவும் உள்ள போகல. ரத்தம் வருதேன்னு தேய்க்கிறதையும் விட்டிருக்கீங்க, அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கிடுச்சு. பல்லு தப்பிச்சுது, இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா ஆடியிருக்கும். முதல்ல ஒழுங்கா சாப்பிடுங்க."

"கழிவு வெளிய வருதுன்னு சொன்னாங்களே?"

டாக்டரம்மா அவளை ஒருமுறை பார்த்தாள். "ரத்தம் கழிவு இல்லம்மா."

சாயங்காலம் நாற்பது கவுன்களையும் மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களாக்கா? கவனமா இருந்தா நின்னுடுது."

"ஆமா மாஸ்டர்" என்றாள் காஜா அக்கா. "என் கைதான் சரியில்லாம இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க. இனிமே பாத்துக்குறேன்."

செய்யாத தப்புக்கு அவள் கைகட்டி நின்றாள். முகத்தில் வேலை பிழைத்த நிம்மதி வேறு. அதைப் பார்த்ததும் கத்தரிப்பல் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இதற்கு அவள் வேலை போயிருந்தாலே தேவலை, குறைந்தபட்சம் தன் கை சுத்தம் என்று சண்டை போட்டுக்கொண்டாவது போயிருப்பாள்.

"அக்கா கை இல்ல மாஸ்டர்" என்றாள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "என் வாய். ஈறுல ரத்தம். நூலைக் கடிக்கிறப்ப எல்லாம் துணியில பட்டிருக்கு. நேத்து மதியமே எனக்குத் தெரியும்."

இடுப்பிலிருந்து துண்டுத்துணியை எடுத்து மேஜையில் வைத்தாள். போதாது என்று தோன்றியதோ என்னவோ, எல்லோரும் பார்க்க மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். மாஸ்டர் கவுன்களைப் பெட்டியில் அடுக்கப் போய்விட்டார். ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

காஜா அக்கா உட்கார்ந்து, பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்து மேஜைமேல் போட்டாள். உள்ளே விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"என் கையை நானே நம்பலடி" என்றாள். "வீட்டுல தட்டைத் தொடக்கூட ஒரு மாதிரி இருந்துச்சு."

"அக்கா..."

"சொல்லிட்டே, சரி. இன்னைக்கு உன்கூடப் பேச மனசு வரல. திங்கக்கிழமை பேசுறேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். கத்தரிப்பல் மேஜையைச் சுத்தம் பண்ணலாம் என்று அந்தப் பிளாஸ்திரிகளைக் கையில் அள்ளினாள். எட்டு இருந்தன. எதிலும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.